அம்பாவின் அடுத்த அடி

கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாட்டுக்கு எங்கள் கரையில் ஒரு சட்டம் உண்டு. பாட்டு ஓடும்வரை கை ஓடும். பாட்டு நின்றால் கை நிற்கும்.

வலையின் இரு முனைக் கயிறுகளையும் இரண்டு கூட்டத்தார் கரையில் நின்று இழுப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இடையே, கூப்பிட்டாலும் கேட்காத தூரம். இழுப்பவர்கள் தலை குனிந்து, குதிகால் மணலில் புதையப் பின்னோக்கி நடப்பவர்கள். கடலை நிமிர்ந்து பார்க்கும் வேலை அவர்களுக்கு இல்லை. ஒரு கயிற்றடியில் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி நிற்பார். மற்றைக் கயிற்றடிக்கு அம்பா பாடுபவனே கண். அவன் முன்னே நின்று கடலைப் பார்த்தபடி அடி எடுத்துக் கொடுப்பான்; மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று ஏற்று இழுப்பார்கள். போர்க்காலத்தில் மூழ்கிய ஏதோவொரு கலத்தின் இரும்பு எங்கள் கடலடியில் கிடக்கிறது. வலை அதிலே கொளுவிக்கொண்டால் ஒருவன் சுழியோடிச் சென்று கழற்றிவிட வேண்டும். அவன் நீருக்குள் இருக்கும்வரை சம்மாட்டி சிவப்புத் துணியொன்றை உயர்த்திப் பிடிப்பார். அந்தத் துணியைக் கண்டவுடன் அம்பா நிற்க வேண்டும். நிற்காவிட்டால், கயிறு நீருக்குள் இருப்பவனையும் சேர்த்து இழுக்கும்.

அந்த இடத்தில் நின்று பாடியவன் ஜெனுசன். அவனைப் பற்றி எழுதுவதென்றால் அவனுடைய அக்கா யூலிற்றாவைப் பற்றியும் எழுத வேண்டும். அவர்களுடைய வளவுக்கும் எங்கள் வளவுக்கும் இடையே இருப்பது ஒரு கிடுகு வேலி. அந்த வீட்டுப் பேச்சு இந்த வீட்டுக்குக் கேட்கும்.

இறுதிப் போரில் தாயையும் தகப்பனையும் ஒரே பதுங்குகுழியில் பறிகொடுத்துவிட்டு, பத்து வயதுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வவுனியா முகாமுக்குப் போனவள் யூலிற்றா. அப்போது அவளுக்கே பதினேழு வயதுதான். மீளக் குடியமர்ந்த பின் கருவாடு போட்டு விற்று அவனை வளர்த்தாள். கலியாணம் பேசி வந்தவர்களிடம், தம்பி தலையெடுக்கட்டும் என்றாள். தம்பி தலையெடுத்தான்; அதன்பின் யாரும் பேசி வரவில்லை.

முகாமில் பல மாதங்கள் வாய் திறவாதிருந்த அந்தப் பிள்ளை, திறந்த பிறகு மூடவேயில்லை. ‘அக்கா’ இல்லாமல் அவனுக்கு ஒரு வாக்கியமும் இல்லை. “அக்கா, தண்ணி தாங்கோ அக்கா” என்பான். ஒரு வாக்கியத்துக்கு ஓர் அக்கா போதாதா என்று நான் வேலிக்கு இப்பால் நின்று கேட்டதுண்டு. “தண்ணிக்கு ஒண்டு, தாறதுக்கு ஒண்டு, ரீச்சர்” என்று பதில் வரும்.

அவனுடைய அம்பாவும் அப்படித்தான் இருந்தது. அதில் எப்போதும் யாராவது ஓர் ஆள் இருப்பார். ஸ்ரனிஸ்லஸ் சம்மாட்டியின் கைச்சுருக்கத்தை, அவர் இந்தக் கயிற்றடிக்கு வரும் வேளை பார்த்துப் பாடுவான்.

“சம்மாட்டி வீட்டுச் சட்டியிலே – ஏலேலோ
சாளைத் தலைக்கும் பங்கு வைப்பார் – ஏலேலோ”

“டேய், தலை மட்டுமில்லை, வாலுக்கும் வைப்பன். பாட்டைக் குறைச்சு இழுங்கோடா” என்று அவர் ஏசுவார். சிரிப்பில் கயிறு இன்னொரு பாகம் கரைக்கு வரும். சுழியோடுகிற ரூபனைப் பாடாத நாள் இல்லை. ரூபன் உடையார்கட்டு ஊர்ப் பிள்ளை. அவனுடைய பாட்டன் காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். வயல்வேலைக்குப் பிறந்தவன், கூலிக்குக் கயிறு பிடிக்க வந்து, எங்கள் பிள்ளைகளைவிட நன்றாக மூச்சடக்கப் பழகியவன். ஜெனுசனுக்கு அவன் மச்சான். அவனுக்கு ஜெனுசன் மச்சான். நீருக்குள் போகுமுன் ரூபன் திரும்பிப் பார்த்து, “வாயை மூடு மச்சான், நான் போறன்” என்பான். அது அவர்களுடைய பகிடி.

இந்த ஆண்டு கடல் அமைதியடைந்து வலை இறக்கிய முதல் மாதத்தில் ஒரு காலை, பாட்டின் நடுவே ஜெனுசன் நின்றுவிட்டான். சம்மாட்டி துணி உயர்த்தவில்லை. அடியின் பாதி வாயில் இருந்தது; மறுபாதி வரவில்லை. கைகள் நின்றன. அவன் கடலையே பார்த்தபடி, ஒருவர் பின்னால் வந்து தோளைத் தொட்டதுபோல், தலையைச் சற்றுச் சரித்துக்கொண்டு நின்றான். சந்தேகத்தில் ரூபன் நீருக்குள் போய்ப் பார்த்தான். வலையின் அடிக்கயிறு இரும்பின் விளிம்பை உரசிக்கொண்டு கிடந்தது. இன்னும் நாலு இழுவை இழுத்திருந்தால் வலை கிழிந்திருக்கும்.

அன்று முதல் கரை அவனை வேறு கண்ணால் பார்த்தது. கிழவர் இராயப்பு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து அவன் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார்.

“அறுபது வருசமாக் கடலைப் பாக்கிறன், எனக்குத் தெரியேல்லை. உவன் கண்டிட்டான்.”

“நீ கடலையே அண்ணை பாத்தனீ? கரையிலை வாற மீன்காரியளையெல்லோ பாத்தனீ” என்றார் பக்கத்தில் நின்றவர்.

யூலிற்றா அன்று மாலை, எப்படிக் கண்டாய் என்று அவனைக் கேட்டாள்.

“நான் ஒண்டும் காணேல்லை. சொல்லை எடுத்துப் போட்டாங்கள்.”

“ஆரடா எடுத்தது?”

அவன் சிரித்தான். சிரிப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. அவள் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை. வெயிலில் நின்ற களைப்பு என்று நினைத்தாள்.

அடுத்த வாரங்களில் அவனுடைய அம்பா வேகம் பிடித்தது. முன்பெல்லாம் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே மூச்செடுத்து யோசிப்பான். இப்போது யோசனையே இல்லை. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

“சங்கு எடுத்தேன் சந்தையிலே – ஏலேலோ
சந்தை முழுதும் சாம்பலடி – ஏலேலோ
சாம்பல் பூத்தால் சாமந்தி – ஏலேலோ
சாமம் வந்தால் சாட்சியில்லை – ஏலேலோ”

இழுப்பவர்களுக்கு அது தேனாக இருந்தது. ரூபன் தன் கைப்பேசியில் அதைப் பதிந்து இணையத்தில் ஏற்றினான். கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் யார் யாரோ பாராட்டினார்கள். எங்கள் கடலுக்கே உரிய கவிஞன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அயற்கரைச் சம்மாட்டி ஒருவர், பங்கு கூடத் தருவதாக ஆள் அனுப்பினார். அதைக் கேள்விப்பட்ட ஸ்ரனிஸ்லஸ், கைச்சுருக்கத்தை மறந்து ஜெனுசனுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். அவன் அதை உறையோடு மடியில் வைத்துக்கொண்டிருந்தான், பிரிக்கவில்லை.

அந்தப் பதிவை யூலிற்றா கருவாட்டுப் பந்தலுக்குள் இருந்து திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் வேலிக்கு மேலால் கைப்பேசியை நீட்டிப் போட்டுக் காட்டினாள். ஒவ்வோர் அடியும் வழுவில்லாத தமிழ். நானும் மெச்சத்தான் வாயெடுத்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

“ரீச்சர், இதிலை ஆளில்லை.”

“என்ன பிள்ளை சொல்லுறாய்?”

“முந்தி அவன்ரை பாட்டிலை ஆரெண்டாலும் ஒரு ஆள் நிப்பார். சம்மாட்டி நிப்பார், ரூபன் நிப்பான், மீன் வாங்க வாற பொம்பிளையள் நிப்பினம். இதிலை ஒருத்தரும் இல்லை. கயிறு இல்லை, மீன் இல்லை. ஒரு சொல்லுக்குப் பிறகு மற்றச் சொல்லு வருது. ஏன் வருது எண்டு கேட்டா, சத்தம் ஒண்டுபோலை இருக்கு எண்டதைத் தவிர வேறை ஒண்டும் இல்லை.”

கைப்பேசியை அணைத்துவிட்டு, “என்னை அவன் அக்கா எண்டு கூப்பிட்டு எவ்வளவு காலம்” என்றாள்.

அதன் பின்பு நானும் உற்றுக் கேட்கத் தொடங்கினேன். வைகாசி பிறந்து, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு, எண்ணெய்க்குப் பதில் ஊற்றி விளக்கெரிக்கக் கடல்நீர் எடுக்கும் அடியார்கள் எங்கள் கடற்கரைக்கு வந்து போன நாள்கள் அவை. ஒரு மாலை வேலிக்கு அப்பால் அவள் சோறு போடும் ஓசை கேட்டது.

“தம்பி, மத்தியானம் சாப்பிட்டனியோ?”

“சாப்பாடு தட்டிலை. தட்டு வட்டம். வட்டமா வளைச்சவங்கள். வளைச்சாப் பிறகு உள்ளுக்கை நிக்கிறவன் என்னெண்டு சாப்பிடுறது? தண்ணி எரியுது. எரியிற தண்ணியைக் குடமாக் கொண்டு போகினம், நீ பாக்கேல்லையே?”

“நான் கேட்டது சோத்தை, ராசா.”

“சோத்தைத்தான் சொல்லுறன். சோறு, சேறு, சேத்துக்கை கால். காலை எடுக்க வேண்டாம் எண்டு சொல்லுறாங்கள்.”

“ஆர் சொல்லுறது?”

தட்டில் சோறு ஆறியது. பிறகு யூலிற்றா மெதுவாக, ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கும் மாதாவின் மங்கள வார்த்தை செபத்தின் முற்பாதியைச் சொல்லத் தொடங்கினாள். அது செபமாலை நேரமும் அல்ல. முற்பாதி முடிந்ததும் அவன் பிற்பாதியை, ஒரு சொல்லும் தவறாமல், சின்ன வயதில் சொன்ன அதே இராகத்தில் சொல்லி முடித்தான். அவள் மறுபடி தொடங்கினாள். அவன் மறுபடி முடித்தான். பிறர் செய்து வைத்த சொற்கள் அவனிடம் முழுதாக இருந்தன. அவனாகச் சேர்க்க வேண்டிய சொற்கள்தாம் ஒட்டவில்லை. அன்று அவர்கள் எத்தனை முறை சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய குரல் உடைந்த பின்னும் அவனுடைய குரல் உடையவில்லை.

மறுநாள் அவள் தனியே பேருந்தேறி மருத்துவமனைக்குப் போனாள்; அங்கும் பின்னர் கரையிலும் நடந்தவற்றை அவளே எனக்குச் சொன்னாள். மருத்துவமனையின் உளநலப் பிரிவில் கமலேஸ்வரி என்றொரு தாதி இருந்தார். யூலிற்றா தன்னுடன் கொண்டுபோன கைப்பேசியில் அம்பாவைப் போட்டுக் காட்டினாள். அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் தாளம் போட்டார்கள். கமலேஸ்வரி போடவில்லை.

“வடிவாத்தான் இருக்கு. வீட்டிலை கதைக்கிறதும் இப்பிடியோ, தங்கச்சி?”

“ஓம் மிஸ். ஒண்டைக் கேட்டா ஒண்டைச் சொல்லுறான். பகிடிக்குச் சொல்லுறான் எண்டு சனம் சொல்லுது.”

“கேட்டதுக்குப் பதில் துவங்கிப் பிறகு விலகிப் போறதோ, துவக்கத்திலையே விலத்தியோ?”

“முந்தித் துவங்கி விலகினது. இப்ப துவங்கிறதே இல்லை.”

“இடையிலை சொல்லு அறுந்து நிக்கிறவரோ?”

“நிக்கிறவன். அதைத்தான் கடலைக் கண்டிட்டான் எண்டு கும்பிட்டவங்கள்.”

நித்திரை, குளிப்பு, தனியே கதைத்தல், யாரோ சொல்கிறார்கள் என்று சொல்லுதல் எல்லாவற்றையும் கமலேஸ்வரி ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, தன் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

“இது அவர் வேணுமெண்டு செய்யிற வேலை இல்லை. நினைப்புக்கு நினைப்பு முடிச்சு விழுற இடம் கழண்டு போச்சு. பிழை எங்கை நடக்குது தெரியுமோ? கேக்கிற சனம்தான் இடையிலை முடிச்சைப் போட்டுக் குடுத்துக்கொண்டிருக்குது. அவர் ரெண்டு சொல்லைச் சொல்ல, அதுக்கொரு கருத்தை நீங்கள் கட்டிவிடுறியள். விசர்க்கதை எண்டு தள்ளவும் வேண்டாம். கருத்து இருக்கு எண்டு கட்டவும் வேண்டாம். ஒரு பதிலோடை விடாதேங்கோ, ரெண்டாவதையும் கேளுங்கோ. ரெண்டும் ஒண்டோடை ஒண்டு நிக்குதோ எண்டு பாருங்கோ. இது வருத்தம். மருந்திருக்கு. வியாழக்கிழமை டொக்டர் வருவார், ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ன வேலை செய்யிறவர்?”

“கரைவலையிலை அம்பா பாடுறவன்.” யூலிற்றா அந்த வேலை எப்படிப்பட்டது என்று விளக்கினாள். சிவப்புத் துணியைப் பற்றிச் சொன்னபோது கமலேஸ்வரி எழுதுவதை நிறுத்தினார்.

“வியாழன் வரைக்கும் அவரை அந்த இடத்திலை விடாதேங்கோ.”

யூலிற்றா பேருந்திலிருந்து இறங்கி, வீட்டுக்கு வராமல் நேரே சம்மாட்டியிடம் போனாள்.

“உவன்ரை வாயிலை இப்ப கடல் இருக்குது, பிள்ளை. நீ விசர் எண்டு சொல்லிக்கொண்டு வாறாய்” என்றார் ஸ்ரனிஸ்லஸ்.

“நான் விசர் எண்டு சொல்லேல்லை, சம்மாட்டி. வருத்தம் எண்டு சொல்லுறன்.”

“வருத்தக்காரன் சோந்து படுப்பான். உவன் விடிய முன்னம் வந்து நிக்கிறான். நாலு வலைக்காரன் உவனைக் கேட்டு ஆள் விடுறான். உனக்கு என்ன, ஆரும் கண்ணூறு போட்டிட்டினமெண்டு பயமோ?”

“துணி காட்ட நிப்பாட்டாமல் விட்டான் எண்டா?”

“இண்டைவரைக்கும் நிப்பாட்டினவன்தானே. காட்டாமலே நிப்பாட்டினவனடி பிள்ளை.”

அவள் சம்மாட்டியை விட்டு வந்தாள். ரூபனிடம் சொன்னாள்.

“எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்திச்சு அக்கா. வாயை மூடு மச்சான் எண்டா முந்தி ஏதாவது திருப்பிச் சொல்லுவான். இப்ப என்னைப் பாக்கிறான், ஆனா நான் இருக்கிற இடத்தைப் பாக்கிறான் இல்லை. அம்மா சொல்லுறா, வற்றாப்பளையிலை தண்ணியிலையே விளக்கு எரியுதாம், இவன் வாயிலை வாறதும் ஏதோ ஒரு அருளா இருக்கும் எண்டு. நானும் அப்பிடித்தான் நினைச்சு வீடியோ போட்டன்.” பிறகு, “வியாழன்தானே. அதுவரைக்கும் அவனை நான் பாத்துக்கொள்றன்” என்றான்.

வியாழன் விடிந்தபோது காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. ஓட்டோவை வாசற் படலையில் நிறுத்திவிட்டு யூலிற்றா தம்பியைத் தேடினாள். பாய் சுருட்டியபடி கிடந்தது, ஆள் இல்லை. கடலில் கீரிமீன் கூட்டம் கறுத்துத் தெரிய, சம்மாட்டி ஆளனுப்பி அவனை அழைத்துப் போயிருந்தார்.

எங்கள் கரையில், மீன் நிறைந்த வலைப்பையான மடி மணலைத் தொடும்வரை பெண்கள் கயிற்றடிக்குப் போவதில்லை. அவள் போனாள். ஸ்ரனிஸ்லஸ் பாதி வழியில் அவளை மறித்தார்.

“வலை இறங்கீட்டுது பிள்ளை. கயிறு கையிலை. இந்த ஒரு இழுவை. முடிஞ்ச உடனை நானே ஏத்தி விடுறன்.”

உடன் வந்த ஓட்டோக்காரன் நிருஷன் காத்திருப்பதாகச் சொன்னான். வலையைக் கடலில் விட்டுவிட்டு வரும்படி யாரையும் கேட்க முடியாது. அவள் அம்பா பாடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், தம்பி திரும்பினால் தெரியும்படியாகப் போய் நின்றாள். சம்மாட்டி மற்றைக் கயிற்றடிக்கு நடந்து போய் ஒரு புள்ளியானார்.

ஜெனுசன் பாடத் தொடங்கினான். அவளுக்கு முதலில் தெரிந்தது, அவன் கடலைப் பார்க்கவில்லை என்பது. கண் கடலில் இருந்தது. பார்வை அதற்கு இப்பாலே எங்கோ நின்றது. கயிறு நன்றாக வந்தது. வலையின் வாய் சுருங்கி வரும்போது இடப்பக்க மிதப்புகள் ஓரிடத்தில் அமிழ்ந்து நின்றன. ரூபன் ஓடிப்போய்க் கழுத்தளவு நீரில் திரும்பிப் பார்த்தான். அவனுடைய வாய் அசைந்ததை அவள் கண்டாள். என்ன சொன்னான் என்பது அவளுக்குத் தெரியும். அவன் அமிழ்ந்தான்.

தொலைவில் சிவப்புத் துணி உயர்ந்தது. அங்கே கைகள் நின்றன.

“கூடு கட்டிய கூரையிலே – ஏலேலோ
கூரை எரிந்தால் கூத்தாடி – ஏலேலோ”

இங்கே கைகள் நிற்கவில்லை. தலை குனிந்த பதினைந்து பேரும் சிரித்தபடி பின்னோக்கி நடந்தார்கள். கயிறு ஒரு பக்கமாக இழுபட்டு, மிதப்புகள் இன்னும் ஆழத்துக்குப் போயின. யூலிற்றா ஓடினாள்.

“டேய், நிப்பாட்டு. தம்பி, பாட்டை நிப்பாட்டு.”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவளுடைய சொல்லை வாங்கிக்கொண்டான்.

“நிப்பாட்டுக்கும் ஒரு பாட்டு – ஏலேலோ
பாட்டன் தலையில் பூட்டு – ஏலேலோ”

பதினைந்து வாய்களும் அதை ஏற்றன. காற்று அவளுடைய குரலைக் கடலுக்கு எடுத்துக்கொண்டு போனது. அவள் இராயப்புவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கயிற்றை விடவில்லை. பாட்டு நிற்காமல் கயிற்றை விடக்கூடாது என்பதை ஐந்து வயதில் கற்றவர் அவர். “தள்ளு பிள்ளை, கால் தடக்கும்” என்றார். சம்மாட்டி துணியை வீசிக்கொண்டே ஓடி வருவது தெரிந்தது. அவர் வந்து சேர நேரம் போதாது. ரூபன் போன இடத்தில் நீர் மூடிக் கிடந்தது.

மடி கரையைத் தொட்டதும் அம்பாக்காரன் மங்கள வார்த்தை செபத்தின் முற்பாதியைச் சொல்வான். இழுப்பவர்கள் அந்தக் கணமே நின்று, ஒரு கையை விடுத்துச் சிலுவை அடையாளம் இட்டுப் பிற்பாதியைச் சொல்வார்கள். எங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்து அப்படித்தான். யூலிற்றா தம்பிக்கு முன்னே போய், அவனுடைய இரு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு, அந்த முற்பாதியைத் தொண்டை கிழியச் சொன்னாள்.

அவனுடைய வாயில் இருந்த அடி அறுந்தது. உதடுகள் பிற்பாதிக்குப் போயின. அவனுடைய குரல் அதை எடுக்க, குனிந்த தலைகள் அதைத் தொடர, கைகள் நின்றன. மடி எங்கே என்று ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். செபம் நடுவிலே கரைந்து போயிற்று. ஜெனுசன் மட்டும் அதைச் சொல்லி முடித்தான்.

இளகிய கயிற்றோடு ரூபன் மேலே வந்தான். அவனாக வரவில்லை, நீர் கொண்டுவந்தது. இரண்டு பேர் பாய்ந்து இழுத்துப் போட்டார்கள். கணுக்காலைச் சுற்றிக் கயிறு சதையைத் தின்றிருந்தது. கவிழ்த்துப் போட்டு முதுகில் அறைந்தபோது கடல் முழுவதும் அவனுடைய வாயால் வந்தது; பிறகு மூச்சு வந்தது. மீன்கூட்டம் திறந்த வலைவாயால் போய்விட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்ரனிஸ்லஸ் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்து நின்றார். ரூபனைப் பார்த்தார். ஜெனுசனைப் பார்த்தார். அவன் அப்போதும் மெல்லிய குரலில், பூட்டு, பூ, பூதம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதை ஏற்க யாரும் இருக்கவில்லை. ஏற்பவர் இல்லாதபோது அது எப்படி இருக்கிறது என்பதைக் கரை அன்றுதான் கேட்டது.

“ரெண்டு பேரையும் ஏத்துங்கோ” என்றார்.

ஒரே ஓட்டோவில் இருவரும் போனார்கள்; நடுவில் யூலிற்றா. வழியில் ரூபன் கண்ணைத் திறந்து அவளுக்கு அப்பால் எட்டிப் பார்த்தான்.

“மச்சான், நான் ஆர்?”

“ஆர், நீர், நீருக்கை வேர்” என்றான் ஜெனுசன், அன்பாக.

ரூபன் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். மருத்துவமனை வரும்வரை திரும்பவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார முடிந்த முதல் நாளில், அந்தப் பதிவுகள் அனைத்தையும் அழித்தான். அழித்தவை அழிந்ததாகத் தெரியவில்லை. வேறு யார் யாரோ எடுத்து வைத்துப் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அண்மையிலும் ஒருவர், இவருடைய புதிய பாடல் எப்போது வரும் என்று கேட்டிருந்தாராம்.

ஜெனுசன் மருத்துவமனை விடுதியில் பல வாரங்கள் இருந்தான். மருந்து அவனை முதலில் உறங்க வைத்தது. பிறகு உடம்பைத் தடிக்க வைத்தது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, ஒரு சொல்லுக்குப் பின் அதற்குரிய சொல்லை வைக்க வைத்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வேலிக்கு இப்பாலிருந்து நான் கேட்டேன்: “ஓம் அக்கா.” யூலிற்றா சமையல் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கயிற்றடியில் இப்போது பாட்டு இல்லை. இராயப்பு விசில் ஊதுகிறார். ரூபன் நொண்டி நடக்கிறான்; சுழியோடுவதை விட்டுவிட்டான். ஒருமுறை வந்து படலையடியில் நின்று, “அவன் என்ன மாதிரி அக்கா” என்று கேட்டுவிட்டு, உள்ளே வராமல் போனான். ஜெனுசன் முற்றத்தில் கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்து கிழிந்த வலை பொத்துகிறான். மாதம் ஒரு முறை ஊசி. கமலேஸ்வரி சில வேளைகளில் வந்து பார்க்கிறார். யூலிற்றா ஒவ்வொரு மாலையும் அவனிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறாள்; ஒன்றோடு விடுவதில்லை. அந்த இரண்டாவது பதில் வரும்வரை, அகப்பையைப் பிடித்த கை அசையாமல் நிற்பது எனக்கு வேலி இடைவெளியால் தெரியும்.

மாரி தொடங்கிவிட்டது. மூன்று நாள் மழையில் பாதை வெட்டுண்டு கிடந்ததால், இந்த மாத ஊசி பிந்தியிருந்தது. நேற்று மாலை மழை விட்டுப் பாதை திறந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள்.

“தம்பி, சாப்பிட்டனியோ?”

“ஓம் அக்கா.”

“என்ன கறி?”

பொத்தும் ஊசி வலைக் கண்ணுக்குள் போய் வெளியே வந்தது.

“திரளிக் குழம்பு. உறைப்புக் கூட.”

சரியான பதில். அவள் சமைத்தது திரளி மீன்தான். உறைப்பும் கூடித்தான் போயிருந்தது. அவளுடைய தோள்கள் இறங்கின. உள்ளே போகத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால், யாருக்கும் சொல்லாததுபோல், அவன் சொன்னான்:

“கூட. கூடை. கூடைக்குள்ளை கூவுது.”

யூலிற்றா மூன்றாவது கேள்வி கேட்கவில்லை. இழுவை முடியட்டும் என்று யாருக்காகவும் இம்முறை காத்திருக்கவில்லை. அடுப்பை நீர் தெளித்து அணைத்தாள். வீட்டுச் சட்டைக்கு மேலே, வெளியே போகும் சட்டையைப் போட்டாள். கைப்பேசியை எடுத்து நிருஷனின் ஓட்டோவை வரச்சொன்னாள். பிறகு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

“மிஸ், யூலிற்றா கதைக்கிறன். ஓம், துவங்கீட்டுது. இப்பவே கூட்டிக்கொண்டு வாறன்.”

முற்றத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. வலைக் கண்களுக்குள் ஊசி போய் வந்துகொண்டிருந்தது. அவனுடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.